தனியாக வசிப்பவருக்கு வீட்டு வரி குறைய வேண்டுமா?

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் 900 சதுர அடி, இரண்டும் தளம் போட்டவை, ஏறக்குறைய ஒரே காலத்தில் கட்டியவை. ஒன்றில் தாத்தா பாட்டியோடு சேர்த்து ஆறு பேர். அடுத்ததில் ஓர் அம்மா மட்டும். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள். மாநகராட்சி இரண்டு வீட்டுக்கும் அரையாண்டுக்கு ஒரே தொகையைத்தான் வரியாகக் கேட்கும். கணக்குக்கு அதை 1,500 ரூபாய் என்று வைத்தால், அந்தக் குடும்பத்தில் ஆளுக்கு 250 ரூபாய் விழுகிறது. அம்மாவுக்கு முழு 1,500.

'நான் ஒருத்திதானே இருக்கிறேன், எனக்கும் அவர்களுக்கும் ஒரே வரியா?' என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பதில் சொல்ல, இந்த வரி எதன்மேல் விழுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வரி கட்டடத்துக்கு

நாம் வீட்டு வரி என்று சொல்வதற்கு அலுவலகப் பெயர் சொத்து வரி. சேலம் 1866 முதல் நகராட்சி, 1994 முதல் மாநகராட்சி. அம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி, சூரமங்கலம், கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்கள். முன்பு சேலத்துக்கென்று தனி மாநகராட்சிச் சட்டம் இருந்தது. 2023 ஏப்ரலிலிருந்து 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் எல்லா நகர்ப்புற ஊர்களுக்கும் பொதுவாக நடைமுறைக்கு வந்துவிட்டது.

சட்டம் மாறினாலும் அடிப்படை யோசனை பழையதுதான். இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று ஒரு மதிப்புப் போடுவார்கள். அதற்கு ஆண்டு மதிப்பு என்று பெயர். அதில் ஒரு விகிதம்தான் வரி. நிஜமாகவே வாடகைக்கு விட்டிருக்க வேண்டியதில்லை. எத்தனை சதுர அடி, எந்தப் பகுதி, குடியிருப்பா கடையா, என்ன வகைக் கட்டடம், எத்தனை வருடப் பழசு என்று பார்த்துக் கணக்குப் போடுவார்கள். அதனால்தான் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் வீட்டுக்கும் அதே அளவில் கிச்சிப்பாளையத்தில் இருக்கும் வீட்டுக்கும் வரி வேறு வேறு.

இந்தப் பட்டியலில் 'எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்' என்ற கேள்வியே கிடையாது. பில் கலெக்டர் வந்தால் அளவு நாடாவோடு வருவார், அறைகளைப் பார்ப்பார், மாடி எடுத்திருக்கிறீர்களா என்று கேட்பார். மகன் எங்கே இருக்கிறான் என்று அவர் விசாரித்தால் அது வெறும் பேச்சுக்குத்தான்.

வெளியிலிருந்து பார்த்தாலே எண்ணிவிடக்கூடிய ஒன்றின்மேல் வரி போடுவது அரசுகளுக்குப் பழைய பழக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை என்று ஒரு வரி வருகிறது. தறி எத்தனை என்றுதான் பார்ப்பார்கள். அதில் உட்கார்ந்து நெய்பவர் எத்தனை பேரைக் காப்பாற்றுகிறார் என்று பார்ப்பதில்லை. கைத்தறி ஊரான அம்மாப்பேட்டைக்காரர்களுக்கு இந்தத் தர்க்கம் உடனே பிடிபடும்.

ஆளைப் பார்த்து வசூலிக்கிற உள்ளாட்சி வரியும் நம்மிடம் உண்டு, அது தொழில் வரி. சம்பளக்காரர் ஒவ்வொருவரும் வருமானத்துக்கு ஏற்ப அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு வீட்டில் நான்கு பேர் வேலைக்குப் போனால் நான்கு பேரும் கட்டுவார்கள். ஆக, ஆளுக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று என்று இரண்டு வரிகளை நம் முறை தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

நியாயம் என்பதை எப்படி அளப்பது?

வரி விஷயத்தில் நியாயத்தை அளக்க இரண்டு அளவுகோல்கள் உண்டு. வாங்கும் பயனுக்கு ஏற்பக் கட்டு என்பது ஒன்று. உன்னால் முடிந்ததற்கு ஏற்பக் கட்டு என்பது இன்னொன்று. பெரும்பாலான சண்டைகள், ஒருவர் முதலாவதையும் மற்றவர் இரண்டாவதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருபவை.

பயன் என்ற கோலால் அளந்து பார்ப்போம். தெருவில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது. ஆறு பேர் வீட்டுக்கும் ஒருவர் வீட்டுக்கும் அது ஒரே வெளிச்சம்தான் தருகிறது. சாலை போடும் செலவு வீட்டில் ஆள் குறைந்தால் குறைவதில்லை. மழைநீர் வடிகால், கொசு மருந்து எல்லாமே அப்படித்தான். இரவு பத்து மணிக்குத் தெருவிளக்கு எரியவில்லை என்றால் தனியாக இருக்கும் அந்த அம்மாவுக்குத்தான் பயம் அதிகம். அதனால் பயனைத் தலைக்கணக்கில் பங்கு போடுவது எடுபடாது.

வரியோடு சேர்ந்து வரும் கல்வி வரி பற்றியும் இதே மாதிரி கேள்வி வரும். 'என் வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளையே இல்லையே.' நூலக வரியும் உண்டு, சொத்து வரி ஒரு ரூபாய்க்குப் பத்து காசு வீதம். இவையெல்லாம் பொதுவில் போட்டு ஊருக்குச் செலவழிக்கிற காசு. யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்று கணக்கு வைப்பதில்லை. (நூலகத்தில் காலையில் செய்தித்தாளுக்குக் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள் என்பது வேறு விஷயம்.)

ஆனால் சில செலவுகள் நிச்சயமாக ஆள் எண்ணிக்கையோடு கூடும், குறையும். தண்ணீர், குப்பை, பாதாளச் சாக்கடையில் போகும் கழிவுநீர். ஆறு பேர் துணி துவைப்பதும் ஒருவர் துவைப்பதும் ஒன்றாகாது. இவற்றுக்கு மாநகராட்சி வீட்டு வரியில் சேர்க்காமல் தனிக் கட்டணம் வாங்குகிறது: குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், குப்பைக்கான சேவைக் கட்டணம்.

அந்த அம்மாவின் புகாரில் உண்மையான சத்து இருப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். வரிச்சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். கேட்க வேண்டியது கட்டணச்சீட்டைப் பிடித்துக்கொண்டு. மீட்டர் வைத்து அளக்காத குடிநீர் இணைப்பு என்றால், மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகைதான். மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரை ஆறு பேர் வீடு டிரம் டிரம்மாகப் பிடித்து வைக்கும், அம்மா நான்கு குடம் பிடிப்பார், இருவருக்கும் ஒரே கட்டணம். குப்பையும் அப்படியே: ஒரு வீட்டிலிருந்து பெரிய பை நிறைய, இன்னொன்றிலிருந்து காய்கறித் தோல் கொஞ்சம்.

மின்சாரத்தைப் பாருங்கள். மீட்டர் இருப்பதால் அங்கே தனியாள் ஏமாறுவதில்லை. 2016 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்த இலவசம் ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் இணைப்புக்கு இவ்வளவு என்று வருவதால், ஒரு ஃபேன், இரண்டு விளக்கு, ஒரு சின்ன ஃபிரிட்ஜோடு இருக்கும் தனியாள் நூறுக்குள் அடக்கிப் பைசா கட்டாமல் இருக்க முடியும். ஆறு பேர் வீட்டுக்கு அது முடியாது. அவர்கள் யூனிட் விலை ஏறும் படிகளில் ஏறித்தான் ஆக வேண்டும். அந்த வீட்டுக்காரர் 'ஆறு பேருக்கும் 100, ஒருத்தருக்கும் 100 என்பது என்ன நியாயம்?' என்று கேட்டால் அதுவும் சரியான கேள்விதான்.

இங்கிலாந்துக்காரர்கள் என்ன செய்தார்கள்?

தனியாக வசிப்பவருக்கு வரிக் குறைப்பு என்ற பேச்சு எடுத்தால் எல்லோரும் காட்டுவது பிரிட்டனைத்தான். அங்கே கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரியில், வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி. இது கருணையில் வந்த சலுகை இல்லை. ஒரு பெரிய அரசியல் விபத்தின் மிச்சம்.

அங்கும் முதலில் நம்மைப் போல வாடகை மதிப்பை வைத்துத்தான் வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். மார்கரெட் தாட்சர் அரசு, ஒரு வீட்டில் சம்பாதிப்பவர் நான்கு பேர், பக்கத்தில் தனியாக ஒரு விதவை, இருவருக்கும் ஒரே வரியா என்று கேட்டது. நம் அம்மாப்பேட்டைக் கேள்வியேதான். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு, வீட்டை விட்டுவிட்டு ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி போடுவது. ஸ்காட்லாந்தில் 1989இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990இலும் அது வந்தது. விதவைக்குக் குறைந்தது உண்மை. ஆனால் மாளிகையில் இருக்கும் பிரபுவும் சின்ன வீட்டில் இருக்கும் துப்புரவுத் தொழிலாளியும் அதே ஊரில் ஒரே தொகை கட்ட வேண்டியதாயிற்று. 1990 மார்ச் 31 அன்று லண்டனில் நடந்த எதிர்ப்பு ஊர்வலம் கலவரமாக மாறியது. லட்சக்கணக்கானோர் கட்டவே மறுத்தார்கள். வரிப்பட்டியலில் அகப்படாமல் இருக்க வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்காமலே விட்டவர்களும் உண்டு. அந்த ஆண்டு நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். அதற்கு இந்த வரி மட்டுமே காரணம் இல்லை என்றாலும் முக்கியமான காரணங்களில் ஒன்று.

1993 ஏப்ரலில் வந்த கவுன்சில் டாக்ஸ் ஒரு சமரசம். வீட்டு மதிப்பை வைத்து ஏ முதல் எச் வரை எட்டுப் படிகள். இந்த வரியில் பாதி வீட்டுக்கு, பாதி ஆளுக்கு என்று பாவித்துக்கொள்வார்கள். வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருப்பதாக வைத்துத்தான் முழுத் தொகை. ஒருவரே என்றால் ஆளுக்கான பாதியில் பாதி கழியும், அதுதான் அந்த 25 சதவீதம். மூன்று பேர், நான்கு பேர் இருந்தால் கூட்டுவதில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களையும் முழுநேர மாணவர்களையும் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் ஒரு தாயும் இரண்டு சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கும் சலுகை கிடைக்கும்.

நமக்கும் அவர்களுக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே இந்த வரியைக் கட்டுவது பெரும்பாலும் குடியிருப்பவர். வாடகைக்கு இருப்பவரே கட்டுவார். இங்கே கட்டுவது வீட்டுச் சொந்தக்காரர். அங்கே பாதி வரி ஆளுக்கானது என்று சொல்வதில் ஒரு பொருள் இருக்கிறது. சேலத்தில் நாளைக்கே இந்தத் தள்ளுபடி வந்தால், சூரமங்கலத்தில் ஒண்டிக்கட்டையாக வாடகைக்கு இருக்கும் ரயில்வே ஊழியருக்கு நேராக ஒரு பைசா வராது. வீட்டுக்காரருக்கு வரி குறையும். அதை அவர் வாடகையில் குறைப்பாரா என்பதை வாடகைக்கு இருந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

25 சதவீதத்தை இங்கே போட்டுப் பார்த்தால்

ஒரு வார்டில் ஆயிரம் வீடுகள், எல்லாமே அரையாண்டுக்கு 1,500 ரூபாய் என்று எளிமையாக எடுத்துக்கொள்வோம். மொத்தம் 15 லட்சம். அதில் நூறு வீடுகளில் தனியாட்கள். அவர்களுக்குத் தலா 375 ரூபாய் தள்ளினால் 37,500 ரூபாய் குறையும். சாலைச் செலவு குறையாது என்று முன்பே பார்த்தோம், ஆகவே இந்தப் பணம் வேறெங்கிருந்தாவது வர வேண்டும். மீதி 900 வீடுகளில் பரப்பினால் வீட்டுக்குச் சுமார் 42 ரூபாய்.

42 ரூபாய்தானே, கொடுத்துவிடலாமே என்று தோன்றும். எல்லா வீடும் ஒரே மாதிரி என்று நாம் பொய்யாக வைத்துக்கொண்டதால்தான் அப்படித் தோன்றுகிறது. நிஜத்தில் வீடுகள் வேறு வேறு. அஸ்தம்பட்டிப் பக்கம் 3,000 சதுர அடி வீட்டில் ஒருவர் தனியாக இருக்கிறார், அரையாண்டு வரி 9,000 என்று கொள்வோம். அவருக்குத் தள்ளுபடி 2,250. குகை என்ற பகுதியில் 350 சதுர அடி வீட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போய்வரும் ஒரு பெண் தனியாக இருக்கிறார், வரி 400. அவருக்குத் தள்ளுபடி 100. அந்தச் சுமையில் ஒரு பங்கு, இன்னொரு 350 சதுர அடி வீட்டில் ஆறு பேராக நெருக்கியடித்து இருப்பவர்கள் தலையிலும் விழும்.

சதவீதத் தள்ளுபடியின் குணமே இதுதான்: வீடு பெரிதாக ஆகச் சலுகையும் பெரிதாகும். இங்கிலாந்திலும் அப்படியே. எச் படி வீட்டின் வரி ஏ படியைப் போல மூன்று மடங்கு, ஆகவே தனியாளுக்கான தள்ளுபடியும் மூன்று மடங்கு. வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம், யார் எண்ணுவது? ரேஷன் கார்டில் இறந்துபோன பெரியவர் பெயரை நீக்க மனம் வராத நாம், வரித் தள்ளுபடி என்றால் உயிரோடு இருக்கும் மாமியார் பெயரையே ஊருக்கு மாற்றிவிடுவோம். இங்கிலாந்திலும் இந்தத் தள்ளுபடி வாங்குபவர்களின் பட்டியலை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பொய் சொன்னவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் தனியாட்கள் பக்கம் ஒரு பலமான வாதம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருபக்கமாகப் பேசியதாகும். ஒருவர் வாழ ஆகும் செலவு, இருவர் வாழ ஆகும் செலவில் பாதி இல்லை. ஒரே சிலிண்டர் அடுப்பு, ஒரே கூரை, ஒரே இன்டர்நெட், ஒரே ஃபிரிட்ஜ். குடும்பச் செலவுகளை ஒப்பிட ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கில், ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுப்பார்கள். அதன்படி நான்கு பேர் குடும்பத்துக்கு, தனியாளைப் போல இரண்டு மடங்கு வருமானம் இருந்தால் போதும், அதே வசதியோடு வாழலாம். தனியாக இருப்பது, தலைக்கணக்கில் பார்த்தால், செலவு அதிகமான வாழ்க்கை. 'ஒரு ஆளுக்கு என்ன செலவு' என்று உறவினர்கள் சொல்வது தவறான கணக்கு.

ஆனால் இந்த வாதம் நம்மை இரண்டாவது அளவுகோலுக்குக் கொண்டுபோகிறது, அதாவது கட்ட முடிகிறதா என்பதற்கு. அங்கேதான் உண்மையான அநியாயம் இருக்கிறது.

பெரிய வீடு, சின்ன பென்ஷன்

செவ்வாய்ப்பேட்டையில் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். குறுகிய முகப்பு, உள்ளே போகப் போக நீளும். கூட்டுக் குடும்பமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்த காலத்துக்குக் கட்டியவை. பாகம் பிரிந்து, ஒருவர் அழகாபுரத்துக்கும் ஒருவர் கோயம்புத்தூருக்கும் போய், கடைசியில் 75 வயது அம்மா ஒருவர் மட்டும் முன்னறையில் இருப்பார். பின்கட்டு பூட்டியே கிடக்கும்.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்து வரியைக் கூட்டியது. மத்திய நிதி மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று 15ஆவது நிதிக் குழு நிபந்தனை வைத்தது அதற்கு ஒரு காரணம். சென்னையின் பழைய பகுதிகள் நீங்கலாக, மற்ற மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கான உயர்வு இப்படி: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சின்ன வீட்டுக்குக் குறைவாக, பெரிய வீட்டுக்கு அதிகமாக. கொள்கை சரியானதே, பெரிய வீடு இருப்பவருக்கு வசதி இருக்கும் என்பது பொதுவாகப் பொருந்தும்.

செவ்வாய்ப்பேட்டை அம்மாவுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. வீடு 1,800 சதுர அடியைத் தாண்டினால் வரி இரட்டிப்பு. அவர் கையில் வருவது குடும்ப பென்ஷனாக இருக்கலாம், அல்லது மகன் அனுப்பும் பணமாக இருக்கலாம். ஏட்டில் அவர் பணக்காரர், கையில் காசில்லை. வீட்டை விற்றுவிட்டு இரண்டு அறை ஃபிளாட்டுக்குப் போகலாமே என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். கணவர் பெயரில் இருக்கும் பத்திரம், பாகத்தில் நான்கு பேர் கையெழுத்து, ஐம்பது வருடமாகப் பழகிய தெரு, நடந்து போகும் தூரத்தில் கோயில், இதெல்லாம் அவர்கள் கணக்கில் வராது.

இவரையும் அஸ்தம்பட்டி 3,000 சதுர அடிக்காரரையும் 'தனியாக வசிப்பவர்' என்ற ஒரே சீட்டில் போட்டு 25 சதவீதம் தள்ளுவது சோம்பேறித்தனமான நியாயம். அந்த அம்மாவின் பிரச்சினை தனிமை இல்லை, வருமானம். அதே வீட்டில் வருமானமில்லாத இரண்டு முதியவர்கள் இருந்தாலும் அதே கஷ்டம்தான், அவர்களுக்குத் தனியாள் சலுகை கிடைக்கவே கிடைக்காது.

வேறு ஊர்களில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? டெல்லி மாநகராட்சியில் மூத்த குடிமக்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் பெயரில் இருந்து அவர்களே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை, 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. பரப்புக்கு வரம்பு வைத்தது நல்ல யோசனை, பெரிய மாளிகைக்குப் பெரிய சலுகை போகாது. மும்பையில் 2022 முதல் 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்குச் சொத்து வரியே இல்லை. அங்கே ஆளைப் பார்க்காமல் வீட்டின் அளவை மட்டும் பார்த்தார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: தள்ளுபடிக்குப் பதில் தள்ளிவைப்பு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், 55 வயதுக்கு மேற்பட்டவர்களும் துணையை இழந்தவர்களும் தாங்கள் குடியிருக்கும் வீட்டின் வரியை இப்போது கட்டாமல் ஒத்திவைக்கலாம். வீடு விற்கும்போது மொத்தமாக வட்டியோடு கழித்துக்கொள்வார்கள். அயர்லாந்தில் குறைந்த வருமானக்காரர்கள் இப்படித் தள்ளிவைக்கலாம், அந்த வருமான வரம்பைத் தனியாளுக்கு ஒன்று, தம்பதிக்கு ஒன்று என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். தனியாக வாழ்வதன் கூடுதல் செலவை மதிக்கிற இடம் அது.

இது நமக்கு அந்நியமான யோசனை இல்லை. கட்டாத சொத்து வரி இங்கேயும் வீட்டோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். பாக்கியைத் தீர்க்காமல் விற்கப் போனால் வாங்குகிறவர் முதலில் கேட்பதே வரி ரசீதைத்தான். இருக்கும் ஒரே சிக்கல், தாமதமானால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறுவது. வசதியிருந்தும் ஏமாற்றுகிறவருக்கு அது சரி. 75 வயது அம்மாவுக்கும் அதே வட்டி என்பதுதான் உறுத்துகிறது. அவருக்கு மட்டும் வட்டியைக் குறைத்துவிட்டால், மாநகராட்சிக்குப் பணம் தாமதமாக வந்தாலும் வந்துசேரும். வீட்டை அனுபவிக்கப்போகும் வாரிசுகள்தான் கடைசியில் கட்டுவார்கள், அதுவும் நியாயமே.

அப்படிப்பட்டவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கும் பாதி விடை ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. முதியோர், ஆதரவற்ற விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், 50 வயது கடந்த திருமணமாகாத ஏழைப் பெண்கள் என்று மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை வாங்குவோர் பட்டியலை வருவாய்த் துறை வைத்திருக்கிறது. ஒரு கையால் 1,200 கொடுத்து இன்னொரு கையால் வரி வட்டி வாங்குவதைத் தவிர்க்க, இரண்டு பட்டியல்களையும் சேர்த்துப் பார்த்தாலே போதும். அதில் வராத குடும்ப பென்ஷன்காரர்களுக்கு ஒரு வருமான வரம்பு வைக்கலாம்.

ஏற்காட்டில் இதே கேள்வி தலைகீழாக

மலைமேல் ஏறினால் படம் மாறிவிடுகிறது. ஏற்காடு ஒன்றியத்துக் கிராமங்களில் மாநகராட்சி கிடையாது, 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி கிராம ஊராட்சி வீட்டு வரி வாங்குகிறது. அங்கே தனியாக வசிப்பவரைவிட, யாருமே வசிக்காத வீடுகள்தான் விவாதத்துக்குரியவை. காபித் தோட்டங்களுக்கு நடுவே வெளியூர்க்காரர்களின் பங்களாக்கள். மே மாதம் கோடை விழாச் சமயத்தில் விளக்கு எரியும், மற்ற நாட்களில் காவலாளி மட்டும். நாகலூரிலோ மாரமங்கலத்திலோ வருடம் முழுக்கக் குடியிருக்கும் மலையாளிப் பழங்குடியினக் குடும்பத்துக்கு அது ஒரே வீடு. பங்களாக்காரருக்கு அது இரண்டாவதோ மூன்றாவதோ வீடு.

இங்கிலாந்தில் இப்போது 2025 ஏப்ரல் முதல், இப்படியான இரண்டாவது வீடுகளுக்கு உள்ளாட்சிகள் விரும்பினால் வரியை இரட்டிப்பாக்கலாம். நம் பழைய பழக்கம் இதற்கு நேர் எதிர். நகராட்சிகளுக்கான 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒரு கட்டடம் தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ காலியாகவும் வாடகைக்குப் போகாமலும் கிடந்தால், கட்டடத்துக்கான வரியில் பாதி வரை தள்ளலாம் என்று இருந்தது. வாடகை வராத வீட்டுக்கு வரி எதற்கு என்ற அந்தக் காலத்துத் தர்க்கம். விளைவைப் பாருங்கள்: வீட்டில் ஒருவர் இருந்தால் சலுகை இல்லை, யாருமே இல்லாவிட்டால் உண்டு என்று இருந்தது. பங்களா வாங்க முடிந்தவரால் வரியும் கட்ட முடியும் என்பதால், முதியவர்களுக்கான தள்ளிவைப்புக்கு ஆகும் செலவை இரண்டாவது வீடுகள்மேல் போடுவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போதைக்குச் செய்யக்கூடியது

சட்டம் மாறும்வரை, தனியாக இருப்பவர்கள் சில விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளலாம். முதலாவது, பதிவில் உள்ள சதுர அடி. பழைய வீட்டில் இடிந்துபோன பின்கட்டு இன்னும் கணக்கில் இருக்கலாம். 1,800, 1,200, 600 என்ற எல்லைகளுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இருபது முப்பது சதுர அடி வித்தியாசம்கூட அந்த 2022 உயர்வில் ஒரு படி மாற்றியிருக்கும். வரி விதிப்பு எண்ணோடு மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மறு அளவீடு கேட்கலாம். கீழே கடை இருந்து மூடிவிட்டீர்கள் என்றால், அது இன்னும் வணிகப் பயன்பாடு என்றே பதிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைக்கு வரி கூடுதல்.

இரண்டாவது, பெயர் மாற்றம். கணவர் இறந்து எத்தனையோ வருடமாகியும் ரசீது அவர் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். நாளைக்கு விதவைகளுக்கோ முதியவர்களுக்கோ ஏதாவது சலுகை வந்தால், பதிவில் பெயர் இல்லாதவருக்கு அது போய்ச் சேராது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இருந்தால், பிள்ளைகள் ஊரில் இருக்கும்போதே மனு கொடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது, தேதி. ஏப்ரலில் தொடங்கும் அரையாண்டுக்கு அந்த மாதத்துக்குள்ளும், அக்டோபரில் தொடங்குவதற்கு அந்த மாதத்துக்குள்ளும் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை கழியும், உச்சவரம்பு 5,000 ரூபாய். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இணையத்திலேயே கட்டிவிடலாம். ரசீதை மட்டும் அச்செடுத்து அம்மாவிடம் கொடுங்கள், அலுவலகத்தில் யாராவது கேட்டால் அவரிடம்தான் கேட்பார்கள்.